நாலாவது கால்

எங்கள் வீட்டில் முயலுக்கு முதலில் பங்கு பிரிப்பார்கள். அப்புறம்தான் பிடிக்கப் போவார்கள்.

மாட்டுப் பொங்கல் சாயந்திரமே பேசி முடித்துவிடுவார்கள். முயலை முதலில் கண்ணில் பார்த்தவனுக்குத் தலை. வலைக்காரனுக்குத் தோல். துரத்தின நாய்க்கு நாலு பாதம். கறி வீட்டுக்கு. இதில் மாற்றம் கிடையாது. நாய்க்குப் பங்கு கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் அது ஓடாது என்று சித்தப்பா சொல்வார். ஓடாத நாய்க்கும் ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கித் தின்றது. அதற்கப்புறமும் ஓடவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

சித்தப்பா என் நைனாவுக்குத் தம்பி. ரெண்டு பேருக்கும் செங்கல் சூளையில் வேலை. எங்கள் ஊர் நூம்பலில் அப்போது வீட்டைவிடச் சூளை அதிகம். சூளையைத் தாண்டினால் ஏரி உள்வாய். தை மாசம் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் காய்ந்து கிடக்கும். முழுக்க வேலிக்காத்தான் புதர். முயல் அதற்குள் இருக்கும். இன்றைக்கு அங்கே அடுக்குமாடி நிற்கிறது. மூணாவது மாடியில் ரெண்டு வீட்டுக்கு நான்தான் பாத்திரம் தேய்க்கிறேன். முயலைத் தொட்டால் இப்போது கேஸ். அப்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. முயலுக்கும் தெரியாது.

நான் சொல்லும் வருஷம் அத்தைக்குத் தலைப்பொங்கல். அத்தை நைனாவின் தங்கை. ஐப்பசியில் கல்யாணம் ஆனது. பட்டாபிராம் பக்கம் குவார்ட்டர்ஸில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஃபேக்டரியில் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு அம்மா மட்டும்தான். கூடவே இருந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அவர்களைச் சம்பந்தியம்மா என்போம். எல்லோருக்கும் அவர்களைக் கண்டால் பயம். அவர்கள் திட்டினதில்லை, கோபப்பட்டதும் இல்லை. பேசவே மாட்டார்கள். அதுதான் பயம். கல்யாணத்தில் சாம்பாரை வாயில் வைத்துவிட்டு "ம்" என்றார்கள். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் கார்த்திகை தாண்டியும் பேசினார்கள்.

காணும் பொங்கலுக்கு மூணு பேரும் சாப்பிட வருகிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடனே சித்தப்பா எழுந்து, "முயல் போட்றோம், அசத்றோம்" என்றார். நைனா, "கோழி போதும்டா" என்றார். "கோழி எல்லா ஊட்லயும் கீது" என்றார் சித்தப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

பெண் பிள்ளையை வேட்டைக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயசு இருக்கும். என் வேலை வீட்டில். அம்மா தோலுரிக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். சித்தப்பாவுக்குப் பிடிக்கத் தெரியும், உரிக்கத் தெரியாது. உரித்தால் கறியெல்லாம் முடி ஒட்டும். நைனா உரிப்பதைப் பார்க்கவே மாட்டார். தெருப் பக்கம் போய் நின்றுகொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்பார். அதனால் அம்மாதான்.

காணும் பொங்கல் அன்றைக்கு வெயில் ஏறும் முன்பே வேட்டையிலிருந்து வந்துவிட்டார்கள். ஒரே முயல். நல்ல முயல். சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர்தான் அதை முதலில் பார்த்தாராம். அவர் தலைக்காக வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எங்கள் நாய் ராணி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கும் பங்கு இருக்கிறது. அதற்குத் தெரியும்.

கொல்லையில் கொய்யா மரம். அம்மா முயலின் பின்னங்கால் ரெண்டையும் கயிற்றில் கட்டிக் கிளையில் தொங்கவிட்டாள். பக்கத்தில் ஒரு குண்டான் தண்ணீர். கத்தியெல்லாம் கிடையாது. சித்தப்பா சவரம் பண்ணும் பிளேடில் பாதி. அவ்வளவுதான். கணுக்காலைச் சுற்றி வளையல் மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தொடைக்கு உள்பக்கமாக இன்னொரு கோடு. மேல்தோல்தான் வெட்டும், கறியில் படாது. அப்புறம் பிளேடை வாயில் கடித்துக்கொள்வாள். கையை நனைத்துக்கொள்வாள். இனிமேல் விரல்தான் வேலை செய்யும்.

"முன்னங்காலைப் புடிச்சுக்கோ. ஆட்டாத" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். பாதம் மெத்தென்று இருந்தது. உள்ளங்காலிலும் முடி. நாய்க்கு, பூனைக்கு எல்லாம் உள்ளங்கால் மொட்டையாக இருக்கும். முயலுக்கு அங்கேயும் செருப்புப் போட்ட மாதிரி முடிதான். அதை என் கன்னத்தில் ஒருதரம் தேய்த்துப் பார்த்தேன். அம்மா பார்த்தாள்.

தோலுக்கும் கறிக்கும் நடுவில் அம்மா முஷ்டியை விட்டாள். ஈர மண்ணிலிருந்து சாக்கைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். மெதுவாகத்தான் இழுப்பாள். முயல் தோல் காகிதம் மாதிரி. அவசரப்பட்டால் கிழியும். கிழிந்தால் முடி ஒட்டும். ஒட்டின முடி எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. சாப்பிடும்போது தொண்டையில் நிற்கும். அம்மா உரித்த முயலில் ஒரு முடி இருக்காது. பிள்ளைக்குத் தலை வழியாகச் சட்டையைக் கழற்றுவோமே, அப்படி. இடுப்பு வந்தது, வயிறு வந்தது, நெஞ்சு வந்தது. தோல் உள்பக்கம் வெளியாகத் திரும்பி, நீலமும் வெள்ளையுமாகக் கீழே தொங்கியது.

முயலை இறக்கி, பின்பாதம் ரெண்டையும் கணுவில் வெட்டி ராணிக்குப் போட்டாள். முன்னால் இடது பாதத்தை வெட்டிப் போட்டாள். கழுத்தில் வெட்டித் தலையைக் கூட்டாளியிடம் கொடுத்தாள். காதோடு வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். கடைசியாக வலது முன்பாதம். அங்கே பிளேடு உடைந்துபோனது.

"அண்ணி, சீக்கிரம் வுடு. பசங்க டீக்கடைல காத்துகினு கீறானுங்க" என்று சித்தப்பா சைக்கிளோடு நின்றார்.

"இன்னாத்துக்கு உனக்கு அவசரம்? பாதம் ஒண்ணு ஒட்டிகினு கீது."

"இருக்கட்டும் வுடு. காட்டிட்டு வந்து தரேன்."

அம்மா மூட்டில் முறித்துத் தோலோடு இழுத்துக் கொடுத்தாள். பாதம் தோலில் தொங்கியபடியே போனது. வலை சித்தப்பாவுடையது, அதனால் தோல் அவர் பங்கு. அதை மடக்கி, முடி வெளியே தெரிகிற மாதிரி ஹேண்டில்பாரில் போட்டார். கிளம்பிவிட்டார். மூணு பாதத்தையும் தின்று முடித்த ராணி தலையைத் தூக்கிப் பார்த்தது. நாலாவது சைக்கிளில் போகிறது. எழுந்து சைக்கிள் பின்னால் ஓடியது.

அம்மா கறியை மஞ்சள் போட்டுக் கழுவினாள். மிளகு தூக்கலாக வைத்துக் குழம்பு வைத்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது. அப்போதுதான் எதிர் வீட்டு அக்கா வெளியே வந்து பூனையைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"செல்லா! ஏய் செல்லா! ப்ஸ்ஸு, ப்ஸ்ஸு!"

சாம்பல் நிறப் பூனை. காலையிலிருந்து காணோமாம்.

விருந்தாளிகள் மதியம் வந்தார்கள். அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள். மாப்பிள்ளை வாசலிலேயே, "வாசனை தூக்குது" என்றார். சம்பந்தியம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. அம்மா சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"முயலா?"

"ஆமாம்மா. காத்தால புடிச்சது" என்றார் நைனா. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"காலு எங்க?"

"காலுங்களா? தோ, தொடை கீது பாருங்க. பெரிய தொடையா..."

"தொடை இல்லய்யா. பாதம். முடியோட இருக்குமே."

"அது நாய்க்குப் போட்டாச்சுங்க."

"நாலுமா?"

"நாலும்" என்றார் நைனா. ஒன்று சைக்கிளில் போனது அவருக்குத் தெரியாது. அவர்தான் தெருவில் நின்றாரே.

சம்பந்தியம்மா இலையைப் பார்த்தார்கள். அப்புறம் "ம்" என்றார்கள்.

அதே "ம்". நைனாவுக்கு வேர்த்துவிட்டது. யாரும் கேட்காமலே, "தலை கூட்டாளி எடுத்துகினு போய்ட்டான். தோலு தம்பி எடுத்துகினு போய்ட்டான்" என்றார். சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழுகிறது என்று அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். வெளியிலிருந்து எதிர் வீட்டு அக்காவின் சத்தம் வந்தது.

"செல்லா! எங்கடி போய்த் தொலைஞ்ச? எவனாவது புடிச்சுகினு போய்ட்டானா?"

அம்மா கரண்டியை எடுத்து முதலில் சம்பந்தியம்மா இலைக்குப் போனாள். அவர்கள் இலைமேல் கையை வைத்து மறைத்தார்கள்.

"எனக்கு வேண்டாம்மா. மோர் இருந்தா ஊத்து. போதும்."

"ஒரு துண்டாவது..."

"இன்னைக்கு வேண்டாம். பிள்ளைக சாப்பிடட்டும்."

மாப்பிள்ளை சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு யோசனையே இல்லை. எலும்பை உறிஞ்சினார். சம்பந்தியம்மா சட்டியைத் தன் பக்கம் இழுத்து, நல்ல துண்டாகப் பொறுக்கி அத்தை இலையில் வைத்தார்கள். "நீ தின்னு தாயி. நல்லாத் தின்னு" என்றார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். காது சிவந்துபோயிற்று. அவமானம் தாங்கவில்லை என்று நான் நினைத்தேன். முதலில் மருமகளுக்குக் கொடுத்து, அவளுக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்க்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

நைனா மோர் எடுக்கிற சாக்கில் சமையல்கட்டுக்கு வந்தார். அம்மாவிடம் குசுகுசுவென்று பேசினார். நான் பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"போச்சு. மானமே போச்சு."

"இன்னாச்சு?"

"தெற்கத்தி ஆளுங்க முயல் வாங்கும்போது பாதத்தைத்தான் பார்ப்பாங்களாம். சூளைல கணக்குப்பிள்ளை சொல்லிக் கீறாரு. அங்க பூனையை உரிச்சு முயலுனு விப்பானுங்களாம். உரிச்சுட்டா ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குமாம். அதனால முடியோட ஒரு பாதமாவது வுட்டுத்தான் விக்கணுமாம். இல்லாங்காட்டி அது பூனைதானாம்."

வெளியே, "செல்லா!" என்று கேட்டது.

"அவ வேற இந்த நேரத்துல கத்திகினு கீறா" என்றார் நைனா. "என் தங்கச்சிய இனிமே அந்தக் குவார்ட்டர்ஸ்ல இன்னானு கூப்டுவாங்க? பூனைக்கறி போட்ட ஊட்டுப் பொண்ணுன்னு கூப்டுவாங்க. ஆயுசுக்கும் இதே பேரு."

நைனா அழுது நான் பார்த்ததில்லை. அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைதான் எனக்குத் தலை வாரி விட்டவள். அத்தைதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டவள். அவளைப் பூனைக்கறி என்று கூப்பிட்டால்?

அம்மா என் தோளைப் பிடித்தாள். "ஒரு பாதம் தோலோட போயிருக்குது. உங்க சித்தப்பன் எங்க கீறான்னு பாத்து இட்டுகினு வா. தோலோட. ஓடு."

ஓடினேன்.

வேலப்பன்சாவடி டீக்கடையில் சித்தப்பா இல்லை. பெஞ்சில் இருந்தவர், "உங்க சித்தப்பாவா? முயல் புடிச்சதைக் காட்டிட்டு இப்பத்தான் கரையான்சாவடி பக்கம் போனாரு. நாய் ஒண்ணும் பின்னாடியே போச்சு" என்றார். நான் மெயின் ரோட்டில் நின்று மூச்சு வாங்கினேன். கரையான்சாவடி எனக்குத் தூரம். மூணு சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு தாத்தா காலிக் கூடையோடு போனார். "ஏன் பாப்பா அழுவுற?" என்றார். "முயல் தோலு வேணும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல், "ஏறு" என்றார்.

வழியில் பீடி, சோடா விற்கிற பங்க் கடையில் நிறுத்திக் கேட்டோம். "ஆமா, ரெண்டு முயல் புடிச்சாராமே" என்றார் கடைக்காரர். கரையான்சாவடி முனையில் பூக்காரம்மாவிடம் கேட்டோம். "மூணு முயலு, ஒண்ணு ஆட்டுக்குட்டி சைசு. சலூன்ல சொல்லிகினு கீறாரு, போய்ப் பாரு" என்றாள். வண்டிக்காரத் தாத்தா சிரித்தார். "இன்னும் கொஞ்சம் போனா புலியே புடிச்சிருப்பாரு உங்க சித்தப்பா" என்றார்.

சலூன் வாசலில் ராணி படுத்திருந்தது. கண் மட்டும் சைக்கிள் மேல் இருந்தது. அதனால் தோல் இன்னும் ஹேண்டில்பாரில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பாதம் தொங்கியது. எனக்கு உயிர் வந்தது.

உள்ளே சித்தப்பா ரெண்டு கையையும் விரித்து, முயல் எப்படித் தாண்டியது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, ஊட்டுக்கு வா. பூனைன்றாங்க."

"எவன்டா அது பூனைன்னது?"

"சம்பந்தியம்மா. முயல் இல்லையாம். பூனையாம். நைனா அழுவுறாரு."

சலூனில் எல்லோரும் சிரித்தார்கள். முகத்தில் சோப்போடு இருந்தவர் சிரித்து நுரையைத் துப்பினார். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மீசையை முறுக்கினார்.

"அது பூனைனு மட்டும் எவனாவது சொல்லட்டும். இந்த மீசையை எடுத்துட்றேன்."

சலூன்காரர் கத்தியைத் தீட்டினார். "அப்ப உக்காரு அண்ணாத்தே. வந்தது வந்துட்ட. அப்புறம் ஒரு தபா அலையணும்."

சித்தப்பா சைக்கிளை எடுத்தார். என்னை முன்னால் பாரில் உட்கார வைத்தார். தோலை நான் மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலில் கொஞ்சம் நாற ஆரம்பித்திருந்தது. பாதத்தை மட்டும் உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். ராணி பக்கவாட்டில் ஓடிவந்தது. சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் என் கையை முகர்ந்தது. "உனக்கு இல்ல. இது அத்தைக்கு" என்றேன். அதற்குப் புரியவில்லை. சட்டப்படி அதனுடையதுதான்.

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சம்பந்தியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாயில் படுத்திருந்தார். சித்தப்பா வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தோலை நடு வீட்டில் விரித்தார். கோர்ட்டில் நிற்கிற மாதிரி நின்றார்.

"பாருங்கம்மா. நல்லாப் பாத்துக்கோங்க. இது பூ..."

அம்மா அவர் காலை மிதித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தியம்மா தோலைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டித் தடவினார்கள். பாதம் கையில் பட்டது. முகம் மாறிப்போனது. அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

"ஒண்ணு இருக்கே! நாய்க்குப் போட்டாச்சுன்னாவளே!"

"ஒரு பிளேடு குடும்மா" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா மீதிப் பாதிப் பிளேடைக் கொடுத்தாள். சம்பந்தியம்மா பாதத்தைத் திருப்பி, மூட்டைத் தொட்டுப் பார்த்து, ஒரே வெட்டில் தோலிலிருந்து எடுத்தார்கள். அடுப்புச் சாம்பல் கேட்டார்கள். வெட்டின இடத்தில் சாம்பலை அப்பி அழுத்தினார்கள். முடியை ஊதினார்கள். தன் கன்னத்தில் ஒருதரம் தேய்த்துப் பார்த்தார்கள். நான் காலையில் தேய்த்த மாதிரியே. அப்புறம் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

நானும் நைனாவும் சித்தப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றோம். பூனை இல்லை, முயல்தான் என்று அவர்கள் வாயைத் திறந்து சொல்வார்கள் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை.

அம்மா மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மாவின் இடுப்பு முடிச்சைப் பார்த்தாள். மோர் ஊற்றின இலையைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்தாள். சத்தமாகச் சிரித்தாள். சமையல்கட்டுக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து, கை நிறைய அள்ளி அத்தை வாயில் போட்டாள். பாதி புடவையில் கொட்டியது. இப்போது எதுக்குச் சர்க்கரை என்று எனக்குத் தெரியவில்லை. நானும் வாயைத் திறந்தேன். எனக்கும் போட்டாள்.

நைனா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப பூனை இல்லனு ஒத்துகினாங்களா?"

"உனக்கும் பாப்பாவுக்கும் ஒரே அறிவு" என்றாள் அம்மா.

பாத்திரம் கழுவப் போட்டபோது கொல்லையில் செல்லா உட்கார்ந்திருந்தது. எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சம்பந்தியம்மா முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். "பூனை உயிரோட கீது பாருங்க" என்றேன். அவர்கள் பூனையையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். "நல்ல பூனை" என்றார்கள்.

ஆவணியில் அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. எங்கள் வீட்டில்தான். தீட்டுக் கழித்த அன்று சம்பந்தியம்மா ஒரு பவுடர் டப்பாவோடு வந்தார்கள். டப்பாவுக்குள் அந்தப் பாதம் இருந்தது. நிழலில் காய்ந்து, முடி பஞ்சு மாதிரி நின்றது. பிள்ளையைக் குளிப்பாட்டினதும் அதைப் பவுடரில் தொட்டுக் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் ஒற்றினார்கள். அவர்கள் ஊரில் அதுதான் வழக்கமாம். முயல் பாதம் பட்ட பிள்ளை சீக்கிரம் எழுந்து ஓடுமாம். அன்றைக்கு அவர்கள் முயல் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆசைப்பட்டார்கள். முயல் கிடைக்கவில்லை. கோழி போட்டோம். ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். பேரப்பிள்ளை முகம் பார்க்கிற வரைக்கும் கவுச்சி தொடுவதில்லை என்று சாமிக்கு வேண்டியிருந்தார்களாம். நாள் தள்ளிப்போய் மூணு மாசம் முடிகிற வரைக்கும் வெளியே சொல்லக் கூடாது. அதனால் எங்களிடம் காரணம் சொல்லவில்லை. பூனை என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. இன்று வரைக்கும் யாரும் அவர்களிடம் அதைச் சொன்னதும் இல்லை.

ஆனால் இதெல்லாம் ஆவணியில். காணும் பொங்கல் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று சாயந்திரம் அவர்களைப் பஸ் ஏற்ற வேலப்பன்சாவடிக்கு எல்லோரும் நடந்துபோனோம். ராணியும் வந்தது. வழி முழுக்கச் சம்பந்தியம்மாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டு வந்தது. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து நட, பாத்து நட" என்றாள். ரோடு நன்றாகத்தான் இருந்தது. பஸ் வந்தது. ஏறிவிட்டார்கள். சம்பந்தியம்மா ஜன்னலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"வாரோம் தாயி. அடுத்த பொங்கலுக்கு ஒரு ஆளு கூட வரும்."

பஸ் கிளம்பியது. ராணி குரைத்துக்கொண்டே பஸ் பின்னால் ஓடியது. அதன் பங்கு அந்த ஜன்னலில் போகிறது. நான் கொஞ்ச தூரம் அதன் பின்னால் ஓடிப் பிடித்து இழுத்து வந்தேன்.

திரும்பும்போது நைனாவிடம் சொன்னேன். "அடுத்த பொங்கலுக்கு இன்னொரு ஆளை இட்டுகினு வருவாங்களாம்."

"யாரு?"

"தெரியாது. சாட்சிக்கு இருக்கும்."

நைனா நின்றார். யோசித்தார். "அப்ப நாலு பாதத்தையும் எடுத்து வெக்கணும்" என்றார்.

"தலையும் வெக்கணும் நைனா. காதோட" என்றேன்.

அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் நைனாவும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.